பேர் கூப்பிட விட்ட இடைவெளி

கொட்டச்சேடு
12 ஜூலை 2025

ஜாபெஸ் அண்ணாவுக்கு,

அண்ணா, அண்ணா, அண்ணா! உங்க சேனல்ல மெயில் ஐடி போட்டிருக்கீங்கன்னு இன்னிக்குத்தான் பாத்தேன். அப்பவே எழுத உக்காந்துட்டேங்ண்ணா. தப்பு கிப்பு இருந்தா கண்டுக்காதீங்க.

நான் இலக்கியா. நம்ம சேர்வராயன் மலைதான், கொட்டச்சேடு. அம்மா வீராயி காபி எஸ்டேட்டுல பழம் பறிக்கிறாங்க. நான் பி.எட். ரெண்டாவது வருசம். இப்போ செம்மநத்தம் பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்புக்குப் பயிற்சி டீச்சர். ரெக்கார்டிங் சாப்ட்வேர் எனக்கு யாரும் சொல்லித் தரல, உங்க வீடியோ மட்டுந்தான். நீங்களும் நம்ம மலைதான், மஞ்சக்குட்டைக்காரர்னு ஒரு லைவ்ல சொன்னீங்க பாருங்க, அன்னிக்கு நான் கத்தின கத்துல, பாம்பு பூந்துருச்சுன்னு அம்மா தடியோட ஓடி வந்தாங்க. நம்மூர்ல இருந்து போயி சென்னையில சொந்த ஸ்டுடியோ! என் லேப்டாப் மூடி மேல உங்க பேர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன், நானே வெட்டினது.

விசயத்துக்கு வர்றேன். எங்க பள்ளிக்கூடத்துல ஒரு ஸ்மார்ட் போர்டு இருக்கு. போன ஆயுத பூசைக்கு வெச்ச சந்தனம் குங்குமம் அப்படியே இருக்கு, ஆனா ஸ்விட்சு போட்டவங்க யாருமில்ல. ஒடைஞ்சா யாரு பதில் சொல்றதுன்னு துணி போட்டு மூடி வெச்சிருந்தாங்க. எச்.எம். இன்பமேரி டீச்சர்கிட்ட நொம்ப கெஞ்சித் தொறந்தேன். காலேஜ்ல வகுப்பறைத் தொழில்நுட்பம் வெச்சு ஏதாச்சும் புதுசா செய்யணும்னு சொல்லியிருக்காங்க. எல்லாரும் படம் காட்டுவாங்க. நான் பசங்களை வெச்சு ஒரு பாட்டு ரெக்கார்ட் பண்ணிட்டேன்!

தினமும் அட்டெண்டன்ஸ் எடுக்கிறோமில்ல, அதுதான் பாட்டு. நான் பேர் சொல்வேன், அவங்க "உள்ளேன் டீச்சர்"னு சொல்வாங்க. அதுல "டீச்சர்"ங்கறதை மட்டும் வெட்டிட்டு, மத்ததை அப்படியே டெம்போவுல, ஒரே தாளத்துல உக்கார வெச்சேன். பெஞ்சு தட்டுற சத்தம்தான் டிரம்ஸ். தகரக் கூரையில மழை பெஞ்ச சத்தம் பின்னால ஓடும். காலையில போர்டுல இதைப் போட்டா, அந்த நேரத்துக்கு ஒருத்தர் விடாம ஓடி வந்துடறாங்க.

நீங்க ஒரே ஒரு தடவை கேட்டுட்டு, நல்லா இருக்கு, இல்ல கேவலமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். செத்தே போயிடுவேன், சந்தோசத்துல.

உங்க பெரிய பெரிய ரசிகை,
இலக்கியா

*

சென்னை
15 ஜூலை 2025

ஹாய் தங்கச்சி!

ஊர்ப் புள்ளை மெயில் பார்த்து நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அட்டெண்டன்ஸை பாட்டா போட்ட ஐடியா செம. ஒண்ணாச் சேத்து எக்ஸ்போர்ட் பண்ண பாட்டா அனுப்பாதே, ஒவ்வொரு குரலும் தனித்தனி ட்ராக்கா இருக்கிற மாதிரி முழு ஃபோல்டரையும் அனுப்பு. அப்பத்தான் எங்க தப்புன்னு என்னால சொல்ல முடியும்.

கத்துக்கிட்டே இரு!
ஜாபெஸ்

*

கொட்டச்சேடு
20 ஜூலை 2025

அண்ணா!

பதில் போட்டுட்டீங்க! பிரிண்ட் எடுத்து வெச்சுட்டேன். அம்மா கேட்டாங்க, "ஏன் கண்ணு, வேலைக்கு ஆர்டரா?"னு. அதை விடப் பெருசும்மான்னேன்.

ஃபோல்டர் அனுப்பியிருக்கேன். எஸ்டேட்டு வளைவுல நின்னாத்தான் நெட்டு வரும். அங்க குடை பிடிச்சுட்டு நின்னு ஏத்தினேன், அட்டை ரெண்டு கால்லயும் ஏறிடுச்சு. பரவால்ல.

கேக்கும்போது ரெண்டு விசயம் கவனிங்கண்ணா. நான் பேர் சொல்றதுக்கு ரெண்டு பெஞ்சுத் தட்டு அளவுக்கு இடம் விட்டிருக்கேன். பேர், அப்புறம் பதில், மறுபடி பேர். ரிஜிஸ்டர்ல இருக்கிற மாதிரி பையங்க முதல்ல, பொண்ணுங்க அப்புறம். லேட்டா வர்றவங்க பேரை மட்டும் கடைசியில கூப்பிடுவோம். அதனால கவிப்பிரியா கடைசி.

அவ தினமும் லேட்டு. ஊடு தள்ளிக் காட்டுக்குள்ள இருக்கு. முன்னாடி ஒரு நடைபாதை இருந்துச்சு, இப்போ அங்க ஏதோ பனிமுகடு ரிசார்ட்டாம், கேட்டு போட்டுப் பூட்டிட்டாங்க. சுத்தித்தான் வரணும். வகுப்புல வாயே தொறக்க மாட்டா. "உள்ளேன்" சொல்றதுகூட எல்லாரையும் விட அரைத் தட்டு பிந்தித்தான் சொல்வா. மொதல்ல அதை இழுத்துச் சரியான இடத்துல வெச்சேன். அப்புறம் உங்க வீடியோ ஞாபகம் வந்துச்சு. எல்லாத்தையும் தாளக் கட்டத்துக்குள்ள தள்ளாதீங்க, மனுசன் பிந்தினா பிந்தட்டும்னு சொன்னீங்களே. திரும்ப அவ இடத்துலயே விட்டுட்டேன். இப்போ பாட்டுலயே அதுதான் அழகு.

ஒண்ணே ஒண்ணு. வகுப்புல மட்டும் போட்டுக்கலாம், வெளிய போகக் கூடாதுன்னு இன்பமேரி டீச்சர் கண்டிசன். அதனால நீங்க மட்டும் கேளுங்கண்ணா.

இலக்கியா

*

சென்னை
22 ஜூலை 2025

தங்கச்சி,

கேட்டேன். உன் குரல் கொஞ்சம் இடிக்குது, கூச்சம் தெரியுது. பசங்க குரல் தங்கம். அந்தக் கடைசிப் பொண்ணு பிந்திச் சொல்றா பாரு, அதை நூறு ஆர்ட்டிஸ்டை உக்கார வெச்சாலும் எடுக்க முடியாது.

நிறைய வேலை. அப்புறம் பேசலாம்.

ஜாபெஸ்

*

கொட்டச்சேடு
14 செப்டம்பர் 2025

அண்ணா,

இது நீங்க செஞ்சதில்லைன்னு ஒரு வரி எழுதுங்க. நான் நம்பிடறேன். இப்பவும் நம்பத் தயாரா இருக்கேன்.

வியாழக்கிழமை ஜீப்புல ஏறினேன். டிரைவர் ராஜ்குமார் அண்ணன் போன்ல ஒரு விளம்பரம் ஓடுது. பனிமுகடு ரிசார்ட். மேகம், நீச்சல் குளம், வெள்ளைத் துண்டு. ஒரு பொம்பளைக் குரல் கேக்குது, "சந்தோசம் எங்க இருக்கு?" உடனே ஒரு சின்னப் பொண்ணு, "உள்ளேன்!" அரைத் தட்டு பிந்தி.

ஜீப்புல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. "இது பொன்னுவேல் மகளாட்ட இருக்குதே"ன்னு ராஜ்குமார் அண்ணனே சொல்லிட்டாரு. அந்தப் பிந்தல் செம்மநத்தத்துல எல்லாருக்கும் தெரியும். கீழ "இசை: ஜாபெஸ்"னு போட்டிருந்துச்சு.

பெஞ்சு தட்டு எங்களது. மழை எங்க தகரத்து மழை. என் குரல மட்டும் தூக்கிட்டீங்க.

அடுத்த நாள் பெத்தவங்க எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டாங்க. கவிப்பிரியா அப்பா பொன்னுவேல் காட்டுல வேலை செஞ்சுட்டிருந்த மண்ணுக் காலோட வந்து நின்னாரு. "ஏனுங் டீச்சர், எங்க பாதையை அடைச்சவனுக்கே எம்புள்ள குரலை வித்துப்போட்டீங்களா?"ன்னு கேட்டாரு. திட்டியிருந்தாக்கூடப் பரவால்லைங்ண்ணா. மெதுவாக் கேட்டாரு. பின்னால இருந்து ஒருத்தங்க, "எஸ்டேட்டுக்காரிக்கு எங்க காடு, எங்க புள்ளைங்கன்னா எளக்காரந்தான்"னாங்க. நான் அங்கயே அழுதுட்டேன்.

இன்பமேரி டீச்சர் ரூமுக்குள்ள கூப்பிட்டு சொன்னது இதுதான்: "பெத்தவங்க மனசு ஆறினாத்தான் உன் பயிற்சிக்கு நான் கையெழுத்துப் போடுவேன். இல்லைன்னா காலேஜுக்கே திருப்பி அனுப்பிடுவேன். எனக்கு வேற வழி இல்ல சாமி." திருப்பி அனுப்பினா என் பி.எட். போச்சு. அம்மா குளிர்லயும் மழையிலயும் செடிக்குள்ள நின்னு படிக்க வெச்சது போச்சு.

நீங்க இல்லைன்னு சொல்லுங்க. இல்ல, நீங்கதான்னா, இலக்கியாவுக்குத் தெரியாம எடுத்தேன்னு இன்பமேரி டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதுங்க. அவ்வளவுதான் கேக்குறேன்.

இலக்கியா

*

சென்னை
16 செப்டம்பர் 2025

அன்புள்ள இலக்கியா அவர்களுக்கு,

தங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறேன். இசைத் துறையில் ஒரு ஒலித்துணுக்கை எடுத்து வேறொரு வடிவம் கொடுப்பது உலகம் முழுவதும் நடக்கும் வழக்கம். தாங்கள் விருப்பத்துடன் அனுப்பிய கோப்பிலிருந்து சில நொடிகள் மட்டுமே உத்வேகமாக எடுத்துக்கொள்ளப்பட்டன. மற்ற உழைப்பு முழுவதும் என்னுடையது. கிராமத்துக் குழந்தைகளின் குரல் இத்தனை பேரைச் சென்றடைந்ததில் பெருமைப்பட வேண்டும்.

கடிதம் எதுவும் தர இயலாது. ஒப்பந்தச் சிக்கல்கள் உள்ளன. நல்லெண்ணத்தின் அடையாளமாகத் தங்கள் வகுப்புக்கு ஒரு மைக் அனுப்பி வைக்கிறேன்.

வாழ்த்துகளுடன்,
ஜாபெஸ்

*

கொட்டச்சேடு
17 செப்டம்பர் 2025

ஜாபெஸ் அவர்களுக்கு,

ஓ, இப்போ நான் "அவர்களா"? ஜூலையில தங்கச்சி. செப்டம்பர்ல தாங்கள், தங்கள். நல்லா இருக்குங்க உங்க டெம்போ மாத்தம்.

உத்வேகமா? உத்வேகம்னா எங்க பாட்டைக் கேட்டுட்டு நீங்களா ஒண்ணு போடறது. பெஞ்சு மேல தட்டும்போது அன்பழகன் மோதிர விரல்ல போட்டிருந்த இரும்பு வளையம் ஒரு தடவை "ட்ணிங்"னு இடிச்சுச்சு. உங்க விளம்பரத்துலயும் அதே இடத்துல "ட்ணிங்". உங்களுக்கு உத்வேகம் வந்தப்ப அன்பழகன் விரலும் சேந்து வந்துச்சோ?

உங்க வீடியோ கீழ கமெண்ட்ல கேட்டேன். அழிச்சீங்க. மறுபடி கேட்டேன். பிளாக் பண்ணீங்க. இன்ஸ்டாவுலயும் பிளாக். உங்களுக்காக நான் எத்தனை பேரோட கமெண்ட்ல சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? உங்க பாட்டுப் பின்னணியில ஹிஸ்ஸுன்னு சத்தம் வருதுன்னு ஒருத்தன் சொன்னதுக்கு, அது எங்க மலைக் காத்துடான்னு பதில் போட்டவ நான்.

மைக் வந்தா அதைப் பிரிக்க மாட்டேன். போர்டுக்கு வெச்ச மாதிரி சந்தனம் குங்குமம் வெச்சு ஓரமா வெச்சுடுவேன்.

கடிதம் வேணும். இல்லைன்னா விடமாட்டேன். எப்படின்னு இன்னும் தெரியல. ஆனா விடமாட்டேன். ஸ்டிக்கரைக் கத்தியால சுரண்டிட்டேன், பசை மட்டும் இன்னும் கையில ஒட்டுது.

இலக்கியா

*

சென்னை
19 செப்டம்பர் 2025

இலக்கியா,

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் குரலை, பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் பதிவு செய்தது நீ. அதை வெளியாளுக்கு அனுப்பியதும் நீ. விஷயம் பெரிதானால் முதலில் யார் மாட்டுவார்கள் என்று யோசித்துப் பார். என்னிடம் வக்கீல் இருக்கிறார். உன்னிடம் என்ன இருக்கிறது?

இதோடு நிறுத்திக்கொள். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

ஜாபெஸ்

*

கொட்டச்சேடு
27 செப்டம்பர் 2025

ஜாபெஸ் அண்ணா,

நிறைய யோசிச்சேன். நீங்க சொன்னது சரிதான். ஃபோல்டரை அனுப்பினது நான்தான். கோவத்துல ஏதேதோ எழுதிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க.

அக்டோபர் அஞ்சாந்தேதி ரிசார்ட் திறப்பு விழாவுல நீங்க மேடையில முழுப் பாட்டையும் போடப் போறீங்கன்னு போஸ்டர் பாத்தேன். நொம்ப சந்தோசம். ஒரே ஒரு ஆசைதான். என் குரல் இருந்த இடத்தை வேற எதையாச்சும் போட்டு ரொப்பிடாதீங்கண்ணா. வெறும் தட்டு மட்டும் ஓடுறது நல்லா இருக்கு. அதுதான் உங்க ஸ்டைலு.

விழா நல்லா நடக்கட்டும்.

உங்க ரசிகை,
இலக்கியா

*

சென்னை
28 செப்டம்பர் 2025

தங்கச்சி,

இதுதான் பக்குவம்! பெரிய மனசு உனக்கு. இடைவெளியைப் பத்தி நீ சொன்னது நூத்துக்கு நூறு சரி. முழுப் பாட்டுலயும் உன் ட்ராக்கை மட்டும் மியூட் பண்ணியிருக்கேன். மத்தது எல்லாம் அப்படியே ஓடுது, அந்த இடத்துல ஜனங்க கை தட்டுவாங்க.

சொல்லப்போனா நீயும் வாயேன். லீவுதானே? பசங்களையும் கூட்டிட்டு வா. மேடைக்கு முன்னால வரிசையா நின்னு கை தட்டினா வீடியோவுல பளிச்சுன்னு இருக்கும். ரிசார்ட்காரங்க கிட்ட சொல்லி எல்லாருக்கும் பாஸ் வெச்சிருக்கேன், வாசல்ல உன் பேர் சொன்னா போதும். ஐஸ்கிரீம் உண்டு.

ஜாபெஸ்

*

ஏற்காடு
6 அக்டோபர் 2025

இலக்கியா,

உன்னை எந்த வார்த்தையில் திட்டுவது என்று தெரியவில்லை.

பாஸ் கொடுத்தவன் நான். முன் வரிசையில் நிற்க வைத்தவன் நான். பிள்ளைகள் சீருடையில் வந்திருக்கிறார்களே, எவ்வளவு அழகு என்று கேமராக்காரனிடம் சொன்னவனும் நான். முட்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. பெஞ்சுத் தட்டு. மழை. ரெண்டு தட்டு இடைவெளி. கூட்டத்திலிருந்து நீ "அன்பழகன்!" என்று கத்தினாய். ஸ்பீக்கர் "உள்ளேன்" என்றது. முன்னால் நின்ற அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து "டீச்சர்!" என்றார்கள். ஜனங்கள் இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். "ஜெயபிரகாஷ்!" "உள்ளேன்." "டீச்சர்!" பெயருக்குரிய பையனும் கையைத் தூக்கிக் காட்டுகிறான். மூன்றாவது பெயரில்தான் எனக்குப் புரிந்தது. அதற்குள் கூட்டத்துக்கும் புரிந்துவிட்டது. யாரோ "டேய், இது அந்தப் புள்ளைங்க பாட்டுடா" என்றான். நிறுத்தப் போனேன். ரிசார்ட் முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டு, "ஓடட்டும், நிறுத்தாதே" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

இவ்வளவு விஷம் உனக்குள் எங்கிருந்து வந்தது? அந்த ஜீப்காரன் எடுத்த வீடியோ ஏற்காட்டில் எல்லா குரூப்பிலும் ஓடுகிறது. டீக்கடையில் டீ கேட்டால், பின்னாலிருந்து ஒருவன் "உள்ளேன் டீச்சர்" என்கிறான்.

திருப்திதானே?

ஜாபெஸ்

*

கொட்டச்சேடு
7 அக்டோபர் 2025

ஜாபெஸ்,

திருப்திதான். நொம்பத் திருப்தி. ராத்திரி சோறு ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.

விசம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டீங்கல்ல? சொல்றேன். உங்க மெயிலை எல்லாம் பிரிண்ட் எடுத்துட்டு பொன்னுவேல் ஊட்டுக்குப் போனேன். படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, "டீச்சர், காயிதத்துல யாரு வேணா எதை வேணா எழுதலாம். எம்புள்ள குரலு எம்புள்ளை பேருக்குப் பதில் சொல்லட்டும், அந்தாளு மூஞ்சிக்கு முன்னால. அப்ப நம்பறேன்"னாரு. அவரு சும்மாத்தான் சொன்னாரு. என்ன செய்யணும்னு எனக்கு அங்கயே முழுசும் தெரிஞ்சு போச்சு.

ஏன்னா நீங்க சோம்பேறி. என் குரல மியூட் பண்ணுவீங்க, ஆனா பசங்க வரிசையை மாத்த மாட்டீங்க. வரிசைன்னு ஒண்ணு இருக்குன்னே உங்களுக்குத் தோணாது. ரிஜிஸ்டர் வரிசை, பையங்க முதல்ல, லேட்டு கடைசியில. நான்தான் ஜூலையிலயே எழுதினேனே! நீங்க படிக்கல. உங்களுக்கு அது வெறும் குரலு. எனக்கு ஒவ்வொண்ணும் ஒரு புள்ளை.

அப்பவும் பயமா இருந்துச்சு, இடைவெளியில எதையாச்சும் ரொப்பிடுவீங்களோன்னு. அதான் அண்ணா அண்ணான்னு உருகி ஒரு மெயில் போட்டேன். அதை எழுதும்போது பல்லு வலிச்சுது. பாஸ் குடுப்பீங்கன்னு நெனைக்கவே இல்ல. நாங்க சுவரோரம் நின்னு கத்தலாம்னு இருந்தோம். நீங்களா முன்னால நிக்க வெச்சீங்க, ஐஸ்கிரீமும் வாங்கிக் குடுத்தீங்க. எங்க வகுப்பு ஹரிணி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னா.

கடைசிப் பேரை மட்டும் நீங்க எழுதல பாருங்க. நான் எழுதறேன்.

அந்த இடைவெளி வந்தப்ப நான் வாயைத் தொறக்கல. பொன்னுவேல் கூப்பிட்டாரு. காட்டுல ஆடு மாட்டைக் கூப்பிடுற தொண்டை. "கவிப்பிரியா!"

அரைத் தட்டு ஒண்ணுமில்ல. அப்புறம் உங்க அத்தனை பெரிய ஸ்பீக்கர்ல, "உள்ளேன்."

அந்த மனுசன் அழுதாரு. அவர் தோள் மேல உக்காந்திருந்த கவிப்பிரியா வாயே தொறக்கல, முழிச்சுட்டே இருந்தா. நீங்க பாட்டை அணைச்சீங்க. அப்பத்தான், எப்பவும் போல எல்லாரும் முடிச்சதுக்கு அப்புறம், அவளா சொன்னா: "உள்ளேன் டீச்சர்." மைக் இல்லாம. ரிசார்ட் வாசல் கேட்டு வரைக்கும் கேட்டுச்சு.

நேத்துக் காலையில பள்ளிக்கூடம் தொறந்ததும் பெத்தவங்க வந்தாங்க. "இந்த டீச்சர் இங்கயே இருக்கட்டுங்க"ன்னு பொன்னுவேல் எச்.எம். டேபிள் முன்னால நின்னு சொன்னாரு. எளக்காரம்னு சொன்ன அக்கா ஒரு பை நிறைய ஆரஞ்சு குடுத்தாங்க, மூஞ்சியைப் பாக்காம. இன்பமேரி டீச்சர் கையெழுத்துப் போடறேன்னுட்டாங்க. "அடுத்த பாட்டுல என் பேரையும் சேத்துக்க, எனக்கும் யாராச்சும் அட்டெண்டன்ஸ் எடுக்கட்டும்"னு வேற சொன்னாங்க.

ஆக, உங்க கடிதம் இனி எனக்குத் தேவையில்ல. ஆனா உங்களை விட்டுட்டேன்னு மட்டும் நெனைக்காதீங்க.

இலக்கியா

*

ஏற்காடு
9 அக்டோபர் 2025

இலக்கியா,

கோபமாக எழுதவில்லை. கெஞ்சித்தான் எழுதுகிறேன்.

ரிசார்ட் விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்து வரவிருந்த ரெண்டு வேலையும் போய்விட்டது. சேனலில் எந்த வீடியோவைப் போட்டாலும் கீழே எல்லாரும் எழுதுவது ஒரே வார்த்தை, உனக்குத் தெரியும். ராஜ்குமாரிடம் அந்த வீடியோவை நீக்கச் சொல். அவர் நீ சொன்னால்தான் எடுப்பேன் என்கிறார்.

நானும் இந்த மலைப் பையன்தான். மஞ்சக்குட்டையிலிருந்து காலைப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படிக்கப் போனவன். சென்னையில் ஒருத்தனும் என் குரலைக் கேட்கவில்லை, தெரியுமா? ஒரு வாய்ப்பு வந்தது. கேட்டிருக்கலாம். உன்னிடம் கேட்டிருந்தால் நீ கொடுத்திருப்பாய் என்றுகூடத் தெரியும். ஏன் கேட்கவில்லை என்று இப்போது... விடு.

என்ன செய்ய வேண்டும் சொல்.

ஜாபெஸ்

*

செம்மநத்தம்
10 அக்டோபர் 2025

ஜாபெஸ்,

கேட்டிருந்தா குடுத்திருப்பேன். ஆமா. அதுதான் இன்னும் எரியுது.

திங்கக்கிழமை காலையில பிரேயருக்கு வாங்க. பசங்க முன்னால நின்னு, "இது உங்க பாட்டு, கேக்காம எடுத்தேன்"னு சொல்லுங்க. ரெண்டு வரிதான், மைக் வேண்டாம். அவங்க கண்ணைப் பாத்து சொன்னீங்கன்னா வீடியோவை அன்னிக்கே எடுத்துடச் சொல்றேன். ராஜ்குமார் அண்ணன் ஜீப் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுல நிக்கும். உங்க பேரைச் சொன்னா ஏத்திக்குவாரு.

இலக்கியா

*

ஏற்காடு
11 அக்டோபர் 2025

வருகிறேன். கண்டிப்பாக வருகிறேன். நன்றி, தங்கச்சி.

ஜாபெஸ்

*

செம்மநத்தம்
13 அக்டோபர் 2025

ஜாபெஸ்,

இன்னிக்குப் பிரேயர்ல பசங்க எல்லாம் தலைக்கு எண்ணெய் வெச்சுப் படிய வாரிட்டு வந்திருந்தாங்க. நீங்க வர்றீங்கன்னு சொல்லியிருந்தேன். கீர்த்தனா டாலியா பூ கொண்டு வந்திருந்தா. வேண்டாம்டின்னு சொன்னேன். "பாவம் டீச்சர், தப்பை ஒத்துக்கறதுக்கு இம்புட்டு தூரம் வர்றாரு"ன்னா.

காலை பஸ் வந்துச்சு. அதுல நீங்க இல்ல. ராஜ்குமார் அண்ணன் ஜீப் வந்துச்சு. அவரு தனியா எறங்கினாரு. "வந்தாருங்க டீச்சர். பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சாரு. ஜீப்பைப் பாத்தாரு, என்னையும் பாத்தாரு. சேலம் பஸ் ஒண்ணு கெளம்புச்சு, ஏறிட்டாரு"ன்னாரு. பொய் சொல்ற ஆள் இல்ல அவரு.

வீடியோ அங்கயே இருக்கும். யாரும் எடுக்க மாட்டோம்.

பாட்டைப் புதுசா ரெக்கார்ட் பண்ணிட்டோம். பெத்தவங்க எல்லாரும் எழுத்துல சம்மதம் குடுத்திருக்காங்க, உங்க வக்கீல்கிட்ட சொல்லிடுங்க. இந்தத் தடவை என் குரல் இடிக்கல. கூச்சமும் இல்ல. அதுக்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். எங்க வகுப்புக்குன்னு தொடங்கின சேனல்ல நாளைக்குப் போடுறோம், ஒவ்வொரு பேரோட. உங்களுக்கு மட்டும் இன்னிக்கே இணைச்சிருக்கேன்.

கடைசி வரைக்கும் கேளுங்க. கவிப்பிரியாவுக்கு அப்புறம் ஒரு பேர் இருக்கு. லேட்டா வர்றவங்களைக் கடைசியிலதான் கூப்பிடுவோம்னு உங்களுக்கு எழுதியிருக்கேன், இப்பவாச்சும் ஞாபகம் இருக்கும். "ஜாபெஸ்!"னு வகுப்பே சேந்து கூப்பிடுது. அப்புறம் ரெண்டு தட்டு. மழை மட்டும் கேக்கும். மறுபடி கூப்பிடறோம். மறுபடி ரெண்டு தட்டு. அந்த இடத்துல நான் எதையும் ரொப்பல. உங்களுக்குப் பிடிச்ச இடைவெளியாச்சே, அப்படியே விட்டுட்டேன்.

ரிசார்ட் கேட்டு இன்னும் தொறக்கல. அவங்க பேரும் கையில இருக்கு, அதையும் கூப்பிடுவோம். கவிப்பிரியா இன்னிக்கும் சுத்தித்தான் வந்தா, லேட்டாத்தான் வந்தா. நாங்க ரெக்கார்ட் பண்றப்ப உங்க பேருக்குப் பதிலே வரலைன்னதும் என் பக்கத்துல வந்து மெதுவாக் கேட்டா, "ஏன் டீச்சர் வரல? அவரு வர்ற பாதையையும் அடைச்சுட்டாங்களா?"

"இல்ல கண்ணு, அவருக்குத் தொறந்துதான் இருந்துச்சு"ன்னேன்.

ஆப்சென்ட் போட்டுட்டோம்.

இலக்கியா டீச்சர்